ஓர் இலக்கத்தின் வரலாறு

டெராஃபார்ம் வார்ப்புரு என்பது சர்வரும் வலையமைப்பும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த உரைக்கோப்பு. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் மென்பொருளில் அதன் ஒவ்வொரு திருத்தமும் பெயர், தேதி, காரணத்தோடு பதிவாகிறது.

சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசான் வெப் சர்வீசஸ் 2024 ஆகஸ்டில் மலேசிய மண்டலத்தை, அதாவது அங்குள்ள தரவு மையத் தொகுதியை, திறந்தது. சிங்கப்பூர் மண்டலத்திலிருந்து கோலாலம்பூர் நிறுவனமொன்று அங்கு மாறினால், வார்ப்புருவின் வரலாற்றில் சிங்கப்பூரின் குறியீடான 'ஏபி-சவுத்ஈஸ்ட்-1' கழித்தல் குறியோடும் மலேசியாவின் 'ஏபி-சவுத்ஈஸ்ட்-5' கூட்டல் குறியோடும் அடுத்தடுத்து நிற்கும். ஜொகூர் நீரிணையைத் தாண்டும் பயணம், ஓர் இலக்கத்தில்! (சர்வர் படிமங்களின் அடையாள எண்களும் மாற வேண்டும் என்பது வேறு கதை.)

அழகு காரணக் குறிப்பில்தான். 'திருத்தம்' என்று மட்டும் எழுதுவது வீண். 'தரவு நாட்டுக்குள் இருக்க' என்றால் போதும். மாற்றம் பிசகினால் பழைய வார்ப்புருவுக்குத் திரும்பலாம். அழிந்த தரவு அதனால் மீளாது, அதற்குக் காப்புநகல் தனியே வேண்டும்.