தைலம் நரம்பைத் தொடுகிறதா?

நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து இடுப்பில் ஒத்தடம் கொடுத்தால் வலி தணிவதை உங்கள் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள். அதை மறுப்பதற்கில்லை. சூட்டினால் இரத்த ஓட்டம் பெருகுகிறது; இறுகிய தசை தளர்கிறது. ஆனால் கைவைத்திய நூல்கள் பல இத்துடன் நிற்பதில்லை. தைலம் 'நரம்புக்குள் இறங்கி' நோயை நீக்கும் என்கின்றன. இங்குதான் இடறுகின்றன.

இடுப்பிலிருந்து கால்வரை பாயும் வலியை ஆயுர்வேதம் 'கிருத்ரசி' என்கிறது. நோயாளியின் நடையைக் கழுகின் நடையோடு ஒப்பிட்ட பெயர் என்பர். நல்ல கவனிப்புதான்! காரணமோ பெரும்பாலும், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள 'டிஸ்க்' பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவது. 1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் இதைத் தெளிவாக்கினர். அந்த வேர் தசைக்கும் அடியில், எலும்புக்கூட்டினுள் கிடக்கிறது. மேலே தேய்த்த எண்ணெய் அவ்வளவு ஆழம் போவதில்லை.

பின் எப்படிக் குணமாகிறது? பிதுங்கிய பகுதி பலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் தானே சுருங்கிவிடுகிறது. பாராட்டு மட்டும் கடைசியாகத் தேய்த்த தைலத்திற்கு!

ஒத்தடம் கொடுங்கள், தோல் மரத்த இடத்தில் மட்டும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதம் தொய்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் அந்த நரம்புகள் மீளாமலே போகலாம். பத்து வகைத் தைலத்துக்கு இடம் தரும் நூல்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?