மஞ்சள் கருவும் மடத்துச் சலவையும்

நாமக்கல் பக்கத்தில் பிறந்தவன் முட்டைப் பலகாரம் தேடி லிஸ்பன் போனான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சேந்தமங்கலத்திலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கோழிப்பண்ணை வந்துவிடும். "இங்க இல்லாத முட்டையா சாமி அங்க இருக்குது?" என்று அம்மா அப்போதே கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

ஆபீஸ் வேலையாக ஒரு வாரம். கடைசி நாள் மட்டும் ஓய்வு. 15ஆம் எண் டிராமைப் பிடித்து பெலெம் பகுதிக்குப் போனேன். அங்கே 1837-லிருந்து நடக்கும் கடை ஒன்று, 'பஷ்டேயிஷ் டி பெலெம்'. உள்ளங்கையில் அடங்கும் முட்டை டார்ட் அதன் புகழ். ஊரின் மற்ற கடைகளில் இதே மாதிரிப் பண்டத்துக்கு 'பஷ்டெல் டி நாட்டா' என்று பெயர்; பெலெம் பெயர் இந்தக் கடைக்கு மட்டும். வரிசையில் நின்று, நீல வெள்ளை ஓடு பதித்த சுவரோரம் உட்கார்ந்து, சூடாக மூன்று சாப்பிட்டேன். ஓடு நம் பேக்கரி பப்ஸின் தோலைவிட மெல்லிசு, கடித்தால் நொறுங்குகிறது. உள்ளே மஞ்சள் கருக் குழம்பு, மேலே அங்கங்கே கருகிய புள்ளிகள். பட்டைத்தூளும் பொடித்த சர்க்கரையும் நாமே தூவிக்கொள்ளலாம். புகழுக்குத் தகுதியான பண்டம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சந்தேகம், திரும்பி வந்து நான் எழுதிய கட்டுரையின் மேல்தான். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கன்னியாஸ்திரீகள் அங்கிக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவைப் பயன்படுத்தினார்கள், மஞ்சள் கரு மீந்தது, வீணாக்க மனசில்லாமல் இனிப்பு செய்தார்கள் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். சேலத்தில் கேட்டரிங் படிக்கும் அக்கா மகள் அதை அப்படியே தன் அசைன்மென்ட்டில் எடுத்துப் போட்டிருக்கிறாள். போன மாதம் போன் பண்ணினாள். "மாமா, அந்த மடத்துல இருந்தது ஆம்பளைச் சாமியாருங்கன்னு சார் சொல்றாரு. நீங்க கன்னியாஸ்திரீன்னு எழுதியிருக்கீங்க?"

சார் சொன்னது சரி. கடைக்குப் பக்கத்திலிருக்கும் ஜெரோனிமுஸ் மடம் 1501-ல் மன்னர் முதலாம் மானுவேல் கட்டத் தொடங்கியது. அங்கே இருந்தவர்கள் புனித ஜெரோம் சபையைச் சேர்ந்த ஆண் துறவிகள். 1834-ல் போர்ச்சுகல் அரசு மடங்களைக் கலைத்தது. மடத்துச் செய்முறை பக்கத்துச் சர்க்கரை ஆலையோடு ஒட்டியிருந்த கடைக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் கடைக்காரர்களே சொல்லும் வரலாறு. அதில் கன்னியாஸ்திரீ கிடையாது. நான் எங்கோ படித்ததை இங்கே ஒட்டியிருக்கிறேன்.

இது பெயர்ப் பிழை, திருத்திவிடலாம். கதையின் தர்க்கம்தான் இதைவிடப் பெரிய கோளாறு. வெள்ளைக் கருவில் துணிக்குக் கஞ்சி போட்டிருக்கலாம். ஒயினைத் தெளிய வைக்க அதைப் பயன்படுத்துவதும் உண்மையே. அதனால்தான் மஞ்சள் கரு இனிப்புகள் பிறந்தன என்பது வேறு கூற்று. புரோகிராம் விழுந்தால், கடைசியாக யார் கை வைத்தாரோ அவர் மேல் பழி போடுவோமே, அந்த மாதிரி.

சோதித்துப் பார்க்க லிஸ்பன் வரை போக வேண்டாம், கோழிக்கோடு போதும். மலபார் முஸ்லிம் வீடுகளில் 'முட்டமாலை' என்று ஒரு பலகாரம். மஞ்சள் கருவைக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் நூல் நூலாக ஊற்றி எடுப்பார்கள். போர்ச்சுகலின் முட்டை நூல் இனிப்பும் அச்சு அசல் இதே வேலைதான். மீந்த வெள்ளைக் கருவில் சர்க்கரை சேர்த்து ஆவியில் வேகவைத்துப் 'பிஞ்ஞாணத்தப்பம்' செய்து கூடவே வைப்பார்கள். அங்கே யார் அங்கிக்கும் யாரும் கஞ்சி போடவில்லை. மஞ்சள் கருதான் வேண்டியது, வெள்ளைதான் மீந்தது. கதை தலைகீழாக நிற்கிறது பாருங்கள்.

சமையல் காரணமும் இருக்கிறது. மஞ்சள் கருவில் கொழுப்பு அதிகம். கெட்டியான பாகும் கொஞ்சம் மாவும் சேர்ந்தால் கடும் சூட்டிலும் திரியாமல் வழவழவென்று நிற்கும். வெள்ளை கூடினால் ரப்பர் மாதிரி இறுகிவிடும். தெரிந்தே தேர்ந்தெடுத்த பொருளை 'மீந்துபோனது' என்று சொல்வது செய்தவர்களின் கைத்திறனுக்கும் மரியாதை இல்லை.

சிக்கனக் கதை ஏன் இவ்வளவு இனிக்கிறது? சர்க்கரையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். ஒரு டஜன் மஞ்சள் கரு யார் வீட்டிலும் மீறலாம். அதை இனிப்பாக்கும் அளவு சர்க்கரை அந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது? 15ஆம் நூற்றாண்டில் மதெய்ரா தீவு, பிறகு பிரேசில் என்று போர்ச்சுகல் கரும்பைப் பயிரிட்டது. அதில் அடிமைகளின் உழைப்பு கலந்திருக்கிறது. மடத்தின் கட்டடச் செலவிலும் பெரும்பகுதி கிழக்கு வணிகத்தின் மேல் போட்ட ஐந்து சதவீத வரி. மேலே தூவும் பட்டையைத் தேடித்தான் போர்ச்சுக்கீசியர் இலங்கைக் கரையில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். ஆக, நான் சாப்பிட்டது ஏழை மடத்து மிச்சமில்லை. அந்தக் காலத்தின் பணக்காரப் பலகாரம்.

'ரகசியச் செய்முறை' விஷயத்துக்கும் வருகிறேன். சிலருக்கு மட்டுமே தெரியுமாம், இருக்கட்டும். ஆனால் ஊர் திரும்பும்போது விமான நிலையக் கடை ஒன்றில் ஆறிப்போன டார்ட் வாங்கினேன். குழம்பு பரவாயில்லை, ஓடு சவசவ. பெலெமில் எனக்குக் கிடைத்த ருசியில் பாதி, கடும் சூட்டு அடுப்பும் எடுத்த கையோடு விற்றுத் தீர்வதும். வரிசை நீளமாக இருப்பதால் பண்டம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். 'கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்து' பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை.

நம்மூரிலும் இதே வியாதி உண்டு. தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி எழுதுகிறவர்கள் 'போர்ச்சுக்கீசியர் தந்தது' என்று ஆரம்பிப்பார்கள். முந்திரியை பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான், சரி. ஆனால் 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. அதற்கும் இன்றைய பேக்கரிகளுக்கும் நடுவே கிடக்கும் நூற்றாண்டுகளை 'பாரம்பரியமாக' என்ற ஒற்றைச் சொல்லில் தாண்டிவிடுகிறோம். வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, மெல்லிய சூட்டில் உலர்த்தி எடுக்கும் அந்த வேலையைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாம்.

பழைய கட்டுரையை அழிக்கவில்லை. தவறான பத்தியின் மேல் கோடு போட்டு, கீழே இதற்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன். அக்கா மகள் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

போன ஞாயிறு அவள் ஊருக்கு வந்தபோது வீட்டில் செய்து பார்த்தோம். பன்னிரண்டு முட்டை. எங்கள் அடுப்பு 250 டிகிரிக்கு மேல் ஏறாது. மேலே கருகல் புள்ளி வரவே இல்லை, ஓடும் அடியில் வேகவில்லை. அம்மா ஒன்றைக் கடித்துவிட்டுத் தட்டில் வைத்துட்டாங்க. பிறகு கிண்ணத்தில் கிடந்த வெள்ளைக் கருவை எடுத்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு ஆம்லெட் ஊத்தினாங்க. அப்பா வேட்டிக்கு எதுவும் மீறவில்லை.