ஜன்னலைச் சாத்தியது யார்?

காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு அது. 193 நோயாளிகளைக் குலுக்கல்போல் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். அங்கே ஓய்வும் நல்ல சாப்பாடும் காற்றும். இங்கே அதெல்லாம் குறைவு. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை என்று 1959இல் அறிக்கை வந்தது. வீட்டாரை ஐந்தாண்டு கவனித்ததிலும் கூடுதலாக நோய் பரவவில்லை.

மருத்துவ மாணவர்கள் இதைப் பெருமையோடு படிக்கிறார்கள். பெருமைக்குரியதுதான். எனக்கு உறுத்துவது அதிலுள்ள ‘வீடு’ என்ற சொல். சானடோரியத்தில் சமைத்தவருக்கும் துணி அலசியவருக்கும் சம்பளம் உண்டு. வீட்டில் அதே வேலையைச் செய்துகொண்டு, அதே அறையில் மூச்சுவிட்ட மனைவிக்கோ அம்மாவுக்கோ ஆய்வு தந்த பெயர் ‘தொடர்பு’, நோயாளியோடு தொடர்பில் இருப்பவர். பராமரித்தவள் என்பதற்கு அதில் இடமில்லை.

சரி, அவர்கள் எப்படித் தப்பினார்கள்? மருந்து தொடங்கியதும் நோயாளியிடமிருந்து தொற்றுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது. ஆபத்தெல்லாம் அதற்கு முன்பு, ‘சாதா இருமல்தான்’ என்று ஓட்டுகிற வாரங்களில். இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து, மூடிய அறையில் மணிக்கணக்காக மிதக்கும். அந்த வாரங்களில் மாத்திரை இல்லை. உள்காற்று வெளியேறினால்தான் உண்டு.

இங்கேதான் சுகாதாரத் துறையின் அறிவுரை எனக்குக் கோபமூட்டுகிறது: ஜன்னலைத் திறந்து வையுங்கள். எங்கள் பூலாம்பாடியில் அது மருத்துவ விஷயம் மட்டுமா? தெருவைப் பார்த்த ஜன்னலென்றால் வயசுப்பெண் இருக்கிற வீட்டில் பகலிலேயே பாதி சாத்தியிருக்கும், விளக்கு வைத்ததும் முழுக்கச் சாத்திவிடுவார்கள். கொசு என்பார்கள். கொசு உண்மைதான், ஆனால் ஆண்கள் படுக்கிற திண்ணைக்கும் அதே கொசு வருகிறது. அடுப்படிக்கோ பல வீடுகளில் ஒரு சாண் ஓட்டைதான். காற்று வேண்டியவள் அவள். திறந்தால் ‘யாரைப் பார்க்கத் திறந்தாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

சுவர் உச்சியில், வெளியாள் கண் எட்டாத உயரத்தில், எதிரெதிராக இரண்டு வென்டிலேட்டர் வைத்தால் மறைவும் கெடாது, காற்றும் ஓடும். கொத்தனாருக்கு இது தெரியாததல்ல. ஆனால் வீடு கட்டுகிற பேச்சில் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்பது சாமி மாடம் எந்தப் பக்கம் என்பதற்கு மட்டும்தானே.