தன் சேற்றின் மேலேயே ஏறிய அணை

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், புருமாடின்யோ ஊருக்கு அருகே வேலே நிறுவனத்தின் இரும்புத்தாதுக் கழிவைத் தேக்கியிருந்த அணை 2019 ஜனவரி 25 அன்று பகல் 12.28 மணிக்கு உடைந்தது. 270 பேர் இறந்தார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. புல் மூடிய பச்சைக் கரை. உச்சி சற்றே அமிழ்கிறது. அடிப்பகுதி வெளியே பிதுங்குகிறது. பத்து வினாடிக்குள் முகப்பு முழுவதும் குழம்பாகிச் சரிகிறது. அடுத்த ஐந்து நிமிடத்துக்குள், உள்ளே இருந்த கழிவில் ஏறக்குறைய முக்கால் பங்கு, அதாவது 97 லட்சம் கனமீட்டர், வெளியேறிவிட்டது.

இதை ஒரு நிறுவனத்தின் பேராசை என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. பேராசை இல்லாமலும் இல்லை. ஆனால் அணை கட்டப்பட்ட முறையையே தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். உலகின் பல சுரங்கங்களில் இன்றும் இதே முறைதான் இருக்கிறது.

முறை இதுதான். முதலில் ஒரு சிறு மண்கரை போடுவார்கள். அதற்குப் பின்னால் தாதுக்கழிவைச் சேறாகப் பாய்ச்சுவார்கள். பருமணல் கரையோரமாகத் தங்கும். நுண்துகள் நீரோடு போய் உள்ளே படியும். கரையோரப் படிவு காய்ந்து இறுகியதும், அதையே அடித்தளமாகக் கொண்டு அடுத்த கரையை உட்புறம் தள்ளி எழுப்புவார்கள். புருமாடின்யோவில் 1976 முதல் 2013 வரை பதினைந்து கட்டங்களாக இப்படி உயர்த்தி, 86 மீட்டர் வரை கொண்டுபோனார்கள்.

இதன் வசதியை மறுப்பதற்கில்லை. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய மண் மிகக் குறைவு. கரையை வெளிப்புறமாக அகலப்படுத்தி உயர்த்தும் மாற்று முறையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தையதைவிட அதிக மண்ணும் நிலமும் தேவை. இங்கே செலவு ஆண்டுகளில் பரவிவிடும். தாது விற்ற காசிலேயே அடுத்த கட்டத்தை எழுப்பிவிடலாம். வறண்ட நாட்டில், நீரை ஓரத்துக்கு வரவிடாமல், மெதுவாக உயர்த்தினால் பல பத்தாண்டுகள் நிற்கவும் செய்யும். ஆனால் வறட்சி மட்டும் காவலாகிவிடாது. தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்ப்ரூட்டில் 1994 பிப்ரவரியில் ஒரே ஒரு மாலை இடிமழைக்குப் பின் தங்கச்சுரங்கக் கழிவணை உடைந்து 17 பேர் இறந்தனர்.

குறை அடித்தளத்தில் இருக்கிறது. கரை நிற்பது நீர் ஊறிய, தளர்வான துகள்களின் மேல். அந்தத் துகள்கள் சற்று நகர்ந்தால் இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறும். பிடிமானம் போய், திடமாக இருந்தது திரவமாக ஓடும். புருமாடின்யோ பற்றி 2019 டிசம்பரில் வெளியான வல்லுநர் குழு அறிக்கை நில அதிர்வையோ வெடியையோ காரணமாகச் சொல்லவில்லை. செங்குத்தான சரிவு, உள்வடிகால் போதாமை, இடையில் கரையை வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே தள்ளியதால் மேற்பகுதி பலவீனமான சேற்றின் மேல் உட்கார்ந்தது, கனமழை ஆகியவற்றையே சொன்னது. கழிவில் இரும்பு மிகுதி. அதனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பார்வைக்கு உறுதியாக இருந்தன; விட்டுக்கொடுக்கும் தன்மை இல்லாததால் முறிந்தபோது மொத்தமாக முறிந்தன.

இந்தத் தன்மைதான் கண்காணிப்பையும் பொய்யாக்கியது. 2016லேயே கழிவு பாய்ச்சுவது நின்றுவிட்டது. உள்நீர்மட்டமும் மெல்லக் குறைந்துவந்தது. உடைவதற்கு ஏழு நாள் முன்பு பறந்த ட்ரோன் எடுத்த படத்தில் விரிசலோ வீக்கமோ எதுவும் இல்லை. முன்கூட்டியே அறிகுறி காட்டும் அணைக்குத்தான் அளவீட்டுக் கருவிகள் உதவும். இது அந்த வகை அல்ல.

பிறகு சான்றிதழ். 2018 செப்டம்பரில் ஜெர்மன் நிறுவனமான ட்யூவ் சூட் இந்த அணை நிலையானது என்று கையெழுத்திட்டது. கணக்கிட்ட பாதுகாப்புக் காரணி 1.09. அதாவது அணையைச் சரிக்கும் விசையைவிடத் தாங்கும் வலு ஒன்பது சதவீதம்தான் கூடுதல். இப்படித் திடீரென முறியக்கூடிய அணைக்கு 1.3 ஆவது வேண்டும் என்பதே துறை வல்லுநர்களின் கருத்து. சான்று தந்தவருக்குக் கட்டணம் தந்ததும் சுரங்க நிறுவனமேதான். என் பார்வையில் பொறியியல் பிழையைவிடப் பெரிய பிழை இது.

சிலி நாடு 1965 நிலநடுக்கத்தில் எல் கோப்ரே அணை உடைந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தபின், கரையை உட்புறம் தள்ளி உயர்த்தும் இந்த முறையைத் தடைசெய்தது. பிரேசிலிலோ 2015இல் மரியானாவில் இதே வகை அணை உடைந்து 19 பேர் இறந்து, தோசி ஆறு கடல்வரை சேறான பிறகும் தடை வரவில்லை. அது புருமாடின்யோவுக்குப் பிறகே வந்தது. பழைய அணைகளைக் கலைப்பதும் எளிதல்ல; தோண்டுவதே உடைவைத் தூண்டலாம் என்பதால் சில இடங்களில் ஓட்டுநர் இல்லாத இயந்திரங்களைத் தொலைவிலிருந்து இயக்குகிறார்கள்.

தடை சரியே என்பது என் முடிவு. ஆனால் அன்று சாவின் எண்ணிக்கையைக் கூட்டியது மண் மட்டுமல்ல. ஊழியர் உணவகமும் அலுவலகமும் சேறு ஓடும் பாதையிலேயே இருந்தன; அது மதிய உணவு நேரம்; எச்சரிக்கைச் சங்கும் ஒலிக்கவில்லை. உணவகத்தை வேறிடத்துக்கு மாற்ற எந்தப் பொறியியல் கணக்கும் தேவைப்பட்டிருக்காது. அணை உடைந்தால் முதலில் சேறு சூழும் பகுதியில், அணையின் இயக்கத்துக்கு அவசியமான தொழிலாளர் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது என்று பிரேசில் சட்டம் சொன்னது 2020 செப்டம்பரில்தான்.