கல்வீடுகளும் நமது பயணக் கட்டுரைகளும்

தமிழிலே பயண இலக்கியம் வறுமையுற்ற துறையன்று. ஏ. கே. செட்டியார், சோமலெ முதலியோர் அதனை வளம்படுத்தினர். ஆயினும், அண்மைக் காலத்தில் வெளிவரும் பயணக் கட்டுரைகள் பலவற்றில் ஒரு குறை மேலோங்கி நிற்கிறது. அவற்றில் கல் இருக்கிறது. கல்லை அடுக்கிய கையைக் காணோம். கடலின் நிறம் இருக்கிறது. அக்கடலைக் கடந்தே தன் அலுவல்களை முடிக்கவேண்டிய மனிதனைக் காணோம். நெடுந்தீவைப் பற்றி எழுதப்படுபவற்றை முன்வைத்து இக்குறையை ஆராயலாம்.

யாழ்ப்பாணத்தைச் சார்ந்த தீவுகளுள் ஒன்று நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லவேண்டும். ஒல்லாந்தர் தமது நாட்டு நகரொன்றின் பெயரால் இதனை டெல்ப்ற் என்று அழைத்தனர். கல் மலிந்த மண் அது. ஆகவே மக்கள் முருகைக்கல்லால் வீடுகளை எழுப்பினர். வளவுகளுக்கும் பயிர்நிலங்களுக்கும் அதே கல்லைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வேலியமைத்தனர். அவ்வேலிகள் எந்த அரசனும் கட்டுவித்தவையல்ல. தலைமுறை தலைமுறையாகக் குடியானவர் தம் நிலத்தோடு போராடிய உழைப்பின் எச்சங்கள் அவை.

நமது கட்டுரையாளர் இவற்றை எவ்வாறு காண்கிறார்? ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், கட்டாக்காலிக் குதிரைகள் என்று வரிசையாக எண்ணுகிறார். பின்னர், ‘காலம் உறைந்துபோன தீவு’ என்று பெருமூச்செறிந்து அடுத்த படகில் திரும்பிவிடுகிறார். காலம் அங்கே உறையவில்லை. 1985 மே 15ஆந் தேதி, குறிகட்டுவானை நோக்கிவந்த ‘குமுதினி’ப் படகிலே இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர், குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அதே கடல்வழியில் சென்று, நீரின் நீலத்தை மட்டும் எழுதித் திரும்பும் பேனாவை என்னென்பது? கூரையிழந்து நிற்கும் வீடு ஓவியனுக்கு அழகாயிருக்கலாம். அதைவிட்டு யார் போனார், ஏன் போனார் என்று கேளாத எழுத்து, இழப்பையே அலங்காரமாக்கிவிடுகிறது.

இவ்வாறு கூற எனக்கொரு காரணமுண்டு. நான் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பவன். எமது மேல்வகுப்பு மாணவரை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். இறப்பர்ப் பால் வெட்டும் தாய்தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். கல்வேலியோரம் தண்ணீர்க் குடத்தோடு வந்த மூதாட்டி ஒருவர், “எந்த ஊர்ப் பிள்ளையள் நீங்கள்?” என்று விசாரித்தார். ஊர்திரும்பிய பின் கட்டுரை எழுதப் பணித்தேன். பலரும் பத்திரிகை நடையிலேயே கோட்டையையும் குதிரையையும் வருணித்திருந்தனர். ஒரு மாணவி மட்டும் அந்தக் குடத்தைப் பற்றி எழுதியிருந்தாள். தங்கள் லயத்துப் பீலியில் தாய் காத்துநிற்கும் நேரத்தோடு அதனை ஒப்பிட்டு, இறுதியில் ஒரு வினாவும் எழுப்பியிருந்தாள்: “பழைய கல்வீடு பாரம்பரியம் என்றால், எங்கள் லயமும் பழையதுதானே, சேர்?”

இவ்வினாவுக்கு விடை கூறும் கடமை திறனாய்வுக்கும் உண்டு. பழமை ஒன்றே பாரம்பரியமாகாது. நெடுந்தீவுக் கல்வீட்டை அதில் வாழ்ந்தவன் தனக்காகக் கட்டினான். லயக் காம்பிராவையோ வெள்ளைக்காரத் தோட்டக்காரர் தமக்கு வேண்டிய உழைப்பை அடைத்துவைக்கக் கட்டினர். அதிலே பிறந்து அதிலேயே மடிந்தவர்களைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் வன்செயல் வெடித்தபோது, ஓடித் தப்பியவர்கள் விட்டுச்சென்றதும் லயத்தைத்தான். இன்றும் அவர்களிற் பெரும்பாலோர்க்குத் தாம் வாழும் வீட்டில் உரிமையில்லை. லயத்தைப் பழம்பொருளாகப் போற்றவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அதில் வாழ்பவர்க்கு மண்ணும் மனையும் சொந்தமாகட்டும். அதன் வரலாறு மட்டும் எழுதப்படட்டும்.

அழகை எழுதக்கூடாதென்பது நமது வாதமன்று. கல்வேலியின் நேர்த்தியை எழுதுபவன் அழிந்துவரும் கைத்திறனுக்குச் சாட்சி கூறுகிறான். அந்தப் பயனை மறுப்பதற்கில்லை. ஆயின் சாட்சி முழுமையாக இருக்கவேண்டும். மலைநாட்டு உழைப்பாளரின் நாட்டார் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை, அம்மக்களின் வாய்மொழியே அவர்தம் வரலாற்றுக்கு ஆதாரமென்று காட்டினார். பயண எழுத்தாளரும் அவ்வழியே செல்லவேண்டும். வீட்டைப் பார்க்கும்போது, கட்டியவர் யார், உடைமையாளர் யார், இன்று குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டும். விடையை அங்குள்ளோர் சொல்லக் கேட்டு எழுதவேண்டும்.

அம்மாணவியின் கட்டுரையில் எழுத்துப் பிழைகள் பல இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் திருத்தினேன். அவளது வினாவைத் திருத்தவில்லை. நமது பயணக் கட்டுரையாளர்கள் அவளிடம் கற்றுக்கொள்ளவேண்டியது அந்த வினாவைத்தான்.