பிரியதத்தம் முதல் புதுநன்மை வரை

கிறிஸ்தவத் தமிழைப் பற்றி மலர்களில் எழுதுவோர் தேம்பாவணியில் தொடங்கி இரட்சணிய யாத்திரிகத்தில் முடிப்பது வழக்கம். வீரமாமுனிவரும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் அந்த மரியாதைக்கு உரியவர்கள்தாம். ஆயினும் இறைவன் அன்றாடம் தருவதை நம் மக்கள் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்று அறிய, காவியத்தைவிட அடுக்களையிலும் கோயில் வாசலிலும் புழங்கும் சொற்களே உதவும். அப்படி நான்கு சொற்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இச்சொற்களைத் தேட ஏற்ற இடம் கோபாலபுரம் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில், கேரள எல்லையில் இருக்கும் ஊர் இது. சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கோரத்தில் வீட்டுக்குள் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். 2013 டிசம்பரில் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தபோது இரு மொழியாரும் ஒரே ஆயரின்கீழ் வந்தனர்.

முதற்சொல் பிரியதத்தம். மங்கள வார்த்தை செபத்தில் மரியன்னையை வாழ்த்தப் பழைய கத்தோலிக்கர் சொன்ன சொல். பிரியத்தோடு தரப்பட்டது என்று பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு வழிபாட்டுத் தமிழ் மாறி, 'அருள்' அந்த இடத்தைப் பிடித்தது. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் அதையே கொண்டது. சீர்திருத்த சபையார் 'கிருபை'யை விடவில்லை. எல்லையில் அதே செபத்தை மலையாளத்தில் சொல்லும் குழந்தைக்கோ மரியாள் 'நன்ம' நிறைந்தவள்.

பிரியதத்தம் வாய்க்குக் கனமான சொல்தான். போனதில் பலருக்கு வருத்தமில்லை. எனக்குண்டு. கொடுப்பவர், கொடுக்கும் மனசு, கொடுத்த பொருள் மூன்றும் அதற்குள் இருந்தன. கிருபை என்றதும் நம் மனம் இரக்கத்தையே முதலில் நினைக்கிறது. வாங்குகிறவன் கீழே நிற்கிறான். அருள் பழந்தமிழ்ச் சொத்து. வள்ளுவர் அதை அன்பு பெற்ற பிள்ளை என்றார், வளர்க்கும் செவிலியாகப் பொருளை வைத்தார். இந்த உறவுமுறையைப் பின்னால் நினைவுகொள்ள வேண்டியிருக்கும். நன்மை என்பதோ மிகச் சாதாரணச் சொல். தமிழ்க் கத்தோலிக்கர் நற்கருணை பெறுவதை 'நன்மை வாங்குறது' என்கிறோம்; பிள்ளைகள் முதன்முதலாக வாங்குவது புதுநன்மை. கையில் வருவது மெல்லிய அப்பத்துண்டு. அதற்கு இந்தச் சாதாரணச் சொல்லே போதும் என்று நினைத்தவர்களை நான் மெச்சுகிறேன்.

சொல் புழக்கத்தில் எப்படி நிற்கிறது? "எப்படி இருக்கீங்க?" என்றால், "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்" என்பார்கள் சபை வீடுகளில். காய்ச்சலில் படுத்திருப்பவரும் அதையே சொல்வார். பழக்கதோஷம் என்று சிலர் சிரிப்பதுண்டு. எனக்கு அது இலக்கியமாகவே படுகிறது. பட்டியல் இல்லை, காரணம் இல்லை, இருக்கிறோம் என்பதே செய்தி.

இதோடு சபைப் பத்திரிகைகளில் வரும் 'சாட்சி'களை ஒப்பிட்டுப் படியுங்கள். விசா கிடைத்தது, வீடு கிடைத்தது, மகனுக்கு மருத்துவ சீட் கிடைத்தது. நன்றி சொல்வதில் குறையில்லை, உரைநடையில்தான் குறை. 'கிடைத்தது' என்ற ஒரே வினை எல்லா வேலையையும் செய்கிறது. முன்பணத்துக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்த நாத்தனார், இரவெல்லாம் கண்விழித்த நர்ஸ், யாருமே வாக்கியத்தில் இல்லை. தத்தம் இருக்கிறது, பிரியம் இல்லை. வள்ளுவரின் செவிலியே இங்கே தாயாகிவிடுகிறாள்.

இது வெறும் நடைக்குற்றமா? இதே எல்லையோரமாகத் தெற்கே போய் இடுக்கி மலையில் ஏறிப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலையருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள்மேல் மலை சரிந்தது. 70 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோர் நம் தமிழர். 'கிருபையால் நான் பிழைத்தேன்' என்று அங்கிருந்து ஒருவர் எழுதினால், பக்கத்து லயத்தில் போனவர்களைப் பற்றி அந்த வாக்கியம் என்ன சொல்கிறது? கிருபையை லாபக் கணக்கில் எழுதும் நடை இந்த இடத்தில் வாயடைத்துப் போகும். 'கிருபையால இருக்கோம்' என்ற பழைய பதிலோ போகாது. அது யாரையும் விடக் கூடுதலாகப் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மண்ணிலும் ஆற்றுப்பாறை இடுக்கிலும் நாள்கணக்கில் உடல்களைத் தேடியவர்களுக்கும் அதில் இடமுண்டு.

நிறைவு என்ற சொல்லையும் இதே சாட்சிகள் குழப்புகின்றன. நிறைவு என்றால் வழிந்தோடுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சித்தூர் வயல்காரரைக் கேட்டால் வேறு கதை வரும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு உண்டு. அதை எதிர்பார்த்துத்தான் அந்த ஆற்றுப் பாசனம். மடை திறந்தால் அந்த வாரம் நிறைவு. வனாந்தரத்தில் விழுந்த மன்னாவும் அளவானதுதான். அன்றைக்குப் போதும், மறுநாளுக்கு எடுத்துவைத்தால் புழுத்துவிடும். போதும் என்பதை நிறைவாகக் கண்ட அந்தக் கதையைத் தெரிந்த நாம், சாட்சி எழுதும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலர் இதையெல்லாம் ஆங்கிலத்தில் 'கிரேஸ்' என்றே படிக்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் சின்னச் செபத்துக்கும் அங்கே அதே பெயர். தமிழில் நாம் அதற்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. "ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடு கண்ணு" என்பதோடு சரி. அப்போது தட்டில் இருப்பது பெரும்பாலும் நேற்று வைத்த குழம்பாகத்தான் இருக்கும்.