தாழ நுழைந்து உயர எழுவது

மோட்டார் பட்டறைக் கருவிகளில், பார்த்தவுடன் அழகென்று ஒருவரும் சொல்லமாட்டாததும், நின்று நிதானமாகப் பார்ப்பவனுக்கு க்ஷேத்திர கணிதத்தின் ஓர் அத்தியாயத்தையே உருக்கில் வடித்துக் காட்டுவதுமான கருவி ஒன்று உண்டு. சிறு உருளைகளின்மேல் தரையோடு தரையாகக் கிடக்கும் டிராலி ஜாக்கியைத்தான் சொல்கிறேன். அதிலும், நிலத்தை ஒட்டி ஓடும் கார்களுக்கென்றே அமைக்கப்படும் தாழ்வான ஜாக்கி அந்த இனத்தின் சிகரம் என்பது என் அபிப்பிராயம். எத்தனை டன் தூக்கும் என்று கேட்டு வாங்கும் பொருளாகவே உலகம் அதைக் கருதி வருகிறது. எவ்வளவு தாழ்ந்து நுழையும் என்றும், ஏற்றிய பாரத்தை எவ்வளவு பதமாகத் திரும்பக் கீழே வைக்கும் என்றும் கேட்டு வாங்கவேண்டிய பொருள் அது.

ஒரு வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் விஷயம் தெளிவாகும். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் முதன்முதலாகக் காட்டிய மியாட்டா என்ற இரண்டு இருக்கை வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும், எளிய அமைப்பும், தானே ரிப்பேர் செய்துகொள்ள விரும்புகிறவனுக்கு வேண்டிய தாராளமும் அதற்கு உண்டு. ஆகையால் அமெரிக்காவில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே அதைப் பராமரித்து வருகிறார்கள். பிறவியிலேயே தாழ்ந்த வண்டி அது. போதாதென்று, வளைவுகளில் இன்னும் உறுதியாகத் திரும்ப வேண்டுமென்னும் ஆசையால் குட்டையான ஸ்பிரிங்குகளைப் பூட்டி மேலும் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ இறக்கிவிடுவாரும் பலர். அதன் முன்பக்கத்தைத் தூக்கவேண்டுமானால், இரு முன்சக்கரங்களுக்கும் இடையே குறுக்காக ஓடும் கிராஸ் மெம்பரின் நடுவிலும், பின்பக்கத்தைத் தூக்கவேண்டுமானால் பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரன்ஷியலின் அடியிலும் ஜாக்கியைக் கொடுக்கவேண்டும். இப்படி நடுவில் கொடுத்துத் தூக்கினால்தான் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகளை இரு பக்கமும் வைக்க இடம் கிடைக்கும். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஓரத்து மடிப்பில் நின்று ஒரு சக்கரத்தை மட்டும் உயர்த்துவது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுவதோடு அதன் பிரயோஜனம் முடிந்துவிடுகிறது.

இங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. அந்தக் கிராஸ் மெம்பர் பம்பருக்கு நேர் கீழே இல்லை. வெகுவாக உள்ளே தள்ளி இருக்கிறது. அதை எட்டுவதற்கு ஜாக்கியின் தலை மட்டுமன்றி, அதற்குப் பின்னால் வரும் கரமும் சட்டத்தின் பெரும்பகுதியும் பம்பரின் கீழ் விளிம்பைக் கடந்து செல்லவேண்டும். சாதாரண ஜாக்கியின் தலை, முழுதும் தாழ்ந்த நிலையிலேயே தரையிலிருந்து ஐந்து அங்குலம், ஐந்தரை அங்குலம் நிற்பது. விளிம்போ சில வண்டிகளில் நான்கு அங்குலத்துக்கும் கீழே தொங்குவது. தாழ்வான ஜாக்கிகளின் தலை மூன்று முதல் மூன்றரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் விளம்பரத்தில் காணும் இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி வாங்குகிறவர் ஏமாந்துபோவதும் உண்டு. தலை தாழ்ந்திருந்தும், கரத்துக்குப் பின்னால் எண்ணெய்ப் பெட்டி குடிகொண்டிருக்கும் முதுகு உயர்ந்திருந்தால், தலை போகவேண்டிய இடத்தை அடையுமுன்பே முதுகு பம்பரில் இடித்து நின்றுவிடும். ஆகையால் விளிம்பின் உயரம், விளிம்பிலிருந்து தூக்கும் ஸ்தானம் வரையுள்ள தூரம், ஜாக்கியின் தலையிலிருந்து முதுகு எழத் தொடங்கும் இடம் வரையுள்ள நீளம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. கைப்பிடியையும் மறந்துவிடக்கூடாது. ஆழ உள்ளே சென்ற ஜாக்கியின் கைப்பிடி பம்பரில் தட்டாமல் மேலும் கீழும் எவ்வளவு ஆடமுடியும் என்பதைப் பொறுத்தே, தூக்குவது சுகமா சிரமமா என்பது தீர்மானமாகிறது.

இனி, இந்தக் கருவியை நான் வியக்கும் காரணத்துக்கு வருகிறேன். தாழ நுழையவும் வேண்டும், உயர எழவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று பிணங்குபவை. ஜாக்கியின் கரம் ஒரு முனையில் அச்சில் பூட்டப்பட்டு, மறு முனையில் தலையைச் சுமந்துகொண்டு, வட்டத்தின் ஒரு பகுதியில் எழுகிறது. அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள கரம் ஒன்று கிடைநிலையிலிருந்து நாற்பத்தைந்து பாகை எழுந்தால், தலை சுமார் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் உயரும். முப்பது சென்டிமீட்டர்க் கரம் செங்குத்தாக நிமிர்ந்து நின்றாலும் அந்த உயரத்தை எட்டாது. எனவே தாழ்ந்து கிடக்கும் ஜாக்கி நீண்டு கிடக்கத்தான் வேண்டும். ஆனால் நீளம் கூடக்கூட, பாரம் கரத்தை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசையும் கூடுகிறது; அதுவும் கரம் கிடையாக நீண்டிருக்கும் நிலையில்தான் ஒரே பாரத்துக்கு அவ்விசை உச்சமாக இருக்கும். எந்த நிலையில் கரம் மிகப் பருமனாக இருக்கவேண்டுமென்று கணிதம் கேட்கிறதோ, அதே நிலையில் அது மிக மெல்லியதாக இருக்கவேண்டுமென்று பம்பர் கேட்கிறது. இந்த இரண்டு யஜமானர்களுக்கும் ஒருங்கே ஊழியம் செய்யும்படி, பக்கங்களில் தகடுகளை நிமிர்த்தி, நடுவைக் குடைந்து, வேண்டிய இடத்தில் மட்டும் உலோகத்தை நிறுத்தி அமைத்த ஒரு நல்ல கரத்தைப் பார்க்கும்போது, அதை வரைந்த மனிதனின் புத்தி நுட்பத்துக்கு மனம் தானே வணங்குகிறது.

இயற்கையும் இதற்கு ஓர் உபகாரம் செய்கிறது. வண்டியின் உடலைத் தூக்கத் தொடங்கிய உடனேயே முழுப் பாரமும் ஜாக்கியின்மேல் இறங்கிவிடுவதில்லை. அமுங்கியிருந்த ஸ்பிரிங்குகள் விரிந்துகொண்டே வந்து, சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில்தான் பாரம் பூர்த்தியாகிறது. அதற்குள் கரமும் சற்று நிமிர்ந்துவிடுகிறது.

கரம் வட்டத்தில் எழுவதால் வேறு இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, கரத்தோடு தலையும் சாய்ந்துவிடப் பார்க்கும்; சாயாமல் இருப்பதற்காகவே கரத்துக்கு இணையாக ஒரு மெல்லிய தண்டைப் பூட்டி, இணைகர உருவமாக்கி, தலையை எந்த உயரத்திலும் தரைக்கு மட்டமாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, எழும் தலை அச்சை நோக்கிப் பின்வாங்குகிறது. மேலே சொன்ன கணக்கில் அது பதினேழு சென்டிமீட்டருக்கும் அதிகம். தலையோ வண்டியின் அடியில் பதிந்து நிற்பது, நகரமுடியாது. ஆகவே ஜாக்கிதான் தன் உருளைகளில் உருண்டு வண்டிக்கு அடியே மேலும் செல்லவேண்டும். அந்த உருளைகள் வெறுமே இழுத்துப் போவதற்கென்று வைத்தவை அல்ல. தூக்கும் செயலின் அங்கமே அவை. ஜல்லியிலும் மண்ணிலும் வெயிலில் இளகிய தாரிலும் டிராலி ஜாக்கியை வைக்கக்கூடாது என்பதன் காரணம் இதுதான். உருளை புதைந்து நின்றால் தலை இழுபட்டு, தூக்கிய ஸ்தானத்திலிருந்து நழுவிவிடும். அகலமான எஃகு உருளைகளும், பின்னால் தாராளமாகச் சுழலும் சிறு சக்கரங்களும், வழவழப்பான சிமெண்டுத் தரையும் அமைந்தால், தூக்கும்போதே ஜாக்கி ஓசையின்றி முன்னே ஊர்ந்து செல்வதைக் கண்ணாரக் காணலாம்.

உள்ளே ஓடும் எண்ணெயின் கதை பழையது. அடைபட்ட திரவத்தின்மேல் செலுத்திய அழுத்தம் எல்லாப் பக்கமும் குன்றாமல் பரவும் என்ற பிரமாணத்தை நிறுவிய பாஸ்கலின் நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1663-இல் வெளிவந்தது. அதைக் காரியத்துக்குக் கொண்டுவந்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா திரவ அழுத்தியந்திரத்துக்கு உரிமை பெற்றது 1795-இல். கையால் எடுத்துச் செல்லும் ஜாக்கியாக நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் அதைச் சுருக்கியது 1851-இல். இவர்களைக் காட்டிலும் என் நெஞ்சைக் கவர்பவர், பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே. அழுத்தம் ஏற ஏறத் திரவம் தண்டைச் சுற்றிக் கசிந்துபோகும் தொல்லையை நீக்க, கிண்ணம்போல் மடித்த தோல் வளையம் ஒன்றை அவர் அமைத்ததாகச் சொல்வார்கள். அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அந்தத் தோலும் விரிந்து தண்டை இறுகப் பற்றிக்கொள்ளும். இன்று ரப்பரில் செய்யும் ஆயில் சீல்கள் பலவற்றில் அந்த யுக்தியே உயிர்வாழ்கிறது. ஆகவே ஜாக்கி வாங்கும்போது மாற்று சீல்கள் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்வது அவசியம். விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் நகரத்து வாக்கர், வாக்கஷா நகரத்து ஹைன்-வெர்னர் முதலிய நிறுவனங்கள் சென்ற நூற்றாண்டில் செய்த கனத்த ஜாக்கிகளைத் தேடிப் பிடித்து, சீல்களை மாற்றி, துருவைச் சுரண்டி வர்ணம் பூசி இன்றும் உபயோகிக்கும் ரஸிகர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பிரித்துப் பூட்டக்கூடியதாகச் செய்த பொருளுக்குத்தான் அந்தத் தீர்க்காயுள் உண்டு.

விரைவில் எழுவதற்காக இரட்டைப் பம்பு வைத்த ஜாக்கிகளை இப்போது வெகுவாகப் புகழ்கிறார்கள். பாரத்தைத் தொடும்வரை இரண்டொரு அழுத்தில் தலை எழுந்துவிடுவது ஸௌகரியந்தான். எனக்கு அது இரண்டாம் பட்சம். அவசரமாக எழும் தலை, சரியான ஸ்தானத்தில் பதிந்ததா என்று குனிந்து பார்க்கும் அவகாசத்தைத் தராமல், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் சம்ப்பின் மெல்லிய தகட்டைப் போய் முட்டுவதும் நேரக்கூடியதே.

நான் பரீட்சிப்பது இறக்கத்தை. ஏற்றுவதை எந்த மலிவான ஜாக்கியும் செய்துவிடும். ஏற்றியதை இறக்கும்போதுதான் உள்ளே இருக்கும் வேலைப்பாடு வெளியாகிறது. கைப்பிடியை இடப்பக்கமாகத் திருப்பினால் ஒரு சிறிய வால்வு திறந்து, எண்ணெய் தன் பெட்டிக்குத் திரும்புகிறது. கரடுமுரடாகச் செய்த வால்வு, திருப்பத் திருப்ப ஒன்றும் நிகழாமல் இருந்து, இன்னும் ஒரு மயிரிழை திருப்பியவுடன் வண்டியைத் தொப்பென்று போட்டுவிடும். தாழ்ந்த வண்டிக்கு இது பெரிய அபாயம். ஏனெனில் கீழே இறங்கும் பம்பர், உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் ஜாக்கியின் கைப்பிடியின்மேலேயே உட்கார்ந்துவிடும். நல்ல ஜாக்கியிலோ, வீணையின் பிருடையைத் திருப்பிச் சுருதி கூட்டுகிறவனுக்குக் கிடைக்கும் அந்த நுண்ணிய ஆட்சி கைக்குக் கிடைக்கிறது. அரை அங்குலம் இறக்கு என்றால் அரை அங்குலம் இறங்கி நிற்கிறது; வண்டி ஸ்டாண்டின்மேல் அமரும்போது இரும்பும் இரும்பும் சந்திக்கும் ஓசைகூடக் கேட்பதில்லை. டென்மார்க்கில் விபோர்க் நகரத்து ஏ.சி. ஹைட்ராலிக் நிறுவனம் செய்யும் 2 டன் தாழ்வான ஜாக்கி, எண்பது மில்லிமீட்டரில் நுழைந்து ஏறத்தாழ அரை மீட்டர் வரை எழுவதற்காகப் பெயர்பெற்றது. விலை அதிகம். ஆயினும் தாழ்வும் உயரமும் அடக்கமான இறக்கமும் ஒரே உடலில் கூடிவரும் பொருளுக்கு அந்த விலை தகும் என்றே சொல்வேன்.

எஃகா, அலுமினியமா என்ற கேள்விக்கு விடை, ஜாக்கி எங்கே வாழப்போகிறது என்பதைப் பொறுத்தது. 3 டன் எஃகு ஜாக்கி நாற்பது கிலோ அளவுக்குக் கனக்கும். ஒன்றரை டன் அலுமினிய ஜாக்கியை ஒரு கையால் தூக்கி வண்டியின் பின்பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஓரிரு அழுத்தில் வண்டியின் ஒரு பக்கத்தையே எழுப்பிவிடும் வீரனின் கையில் இருப்பதும் அலுமினியமே. பந்தய மைதானத்துக்கு எடுத்துச் செல்பவருக்கு அதுவே பொருத்தம். கொட்டகையிலேயே கிடக்கப்போகும் ஜாக்கிக்கு எடை ஒரு குறையன்று. அகலமும் கனமும் உள்ள சட்டம் பக்கவாட்டில் ஆடாமல் நிற்கும். ஆயிரம் கிலோ வண்டியின் ஒரு முனையைத் தூக்க 2 டன்னே தாராளம். அதற்குமேல் டன் கணக்கைப் பெருக்குவதால் பெறுவது, பெரும்பாலும் சட்டத்தின் திண்மை ஒன்றுதான்.

எந்த ஜாக்கியானாலும் அது தூக்குவதற்கே உரியது. தாங்கி நிற்பது ஸ்டாண்டின் வேலை. எண்ணெயை நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டலாகாது. ஸ்டாண்டையும் சோதித்தே வாங்கவேண்டும்: 2020-இல் அமெரிக்காவின் பெரிய கருவி வணிக நிறுவனம் ஒன்று, பற்கள் சரியாகக் கவ்வாமல் திடீரென்று இறங்கிவிடக்கூடும் என்ற காரணத்தால், தான் விற்ற ஸ்டாண்டுகளைப் பெரும் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. தரையிலேயே நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடவேண்டும்.

ஜாக்கி வாங்கப் புறப்படுமுன், டயர்களில் சரியான காற்றும் டாங்கி நிறைய பெட்ரோலும் இருக்கும்போது, மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, பம்பர் விளிம்பின் உயரத்தையும் உள்ளே போகவேண்டிய தூரத்தையும் அளந்து ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அளவுநாடாவைப் பிடித்துப் பாருங்கள். கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கடைக்காரர் இசைந்தால் ஏதேனும் ஒரு பாரத்தை ஏற்றி, மெல்ல இறக்கியும் பாருங்கள். இறக்கம் உங்கள் கைக்கு அடங்கவில்லையென்றால், எத்தனை டன் என்று எழுதியிருந்தாலும் அந்த ஜாக்கியை வாங்கவேண்டாம்.